ஆறு குதிரைகளும் என்னை வணங்கின

படுத்தால் ஐந்து நிமிடத்தில் எனக்குத் தூக்கம் வந்துவிடும். எழுபத்து மூன்று வயதில் இது பெரிய கொடுப்பினை என்று என் டாக்டர் பொறாமையோடு சொல்கிறார். என்னைவிடப் பத்து வயது இளையவர், மாத்திரை போட்டுக்கொண்டும் விடிய விடிய விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாராம். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், வந்து உட்கார்ந்ததிலிருந்து நீங்கள் என் கண்ணுக்குக் கீழே எதையோ தேடிக்கொண்டிருக்கிறீர்கள். கருவளையம்தானே? கிடையாது. நன்றாகத் தூங்குகிறவன் நான்.

அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஃபைலை மேசைமேல் வைக்கலாம், துடைத்துத்தான் வைத்திருக்கிறேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், மெதுவாகப் பேசுவோம். அடுத்த அறையில் மகள் படுத்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக் கட்டிலை உள்ளே தூக்கிவந்தபோது நிலையில் இடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தக் கதவு முழுதாக மூடுவதில்லை.

விலங்கு நல அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். உங்கள் கேள்விகள் மூன்று. ஆறு இளங்குதிரைகளை மழைக்காலம் பூராவும் வெட்டவெளியில் கான்கிரீட் தளத்தில் ஏன் நிறுத்தினேன்? பக்கத்திலேயே இருக்கும் கொட்டகையை ஏன் பூட்டினேன்? தெரிந்து செய்தேனா, தெரியாமல் செய்தேனா? நியாயமான கேள்விகள். வரிசையாகவே சொல்கிறேன். நடுநடுவே கொஞ்சம் கதை வரும், அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம்.

கான்கிரீட் போட்டதற்குக் காரணம் சேறு. குளிரும் மழையும் சேர்ந்து நாலு மாதம் இங்கே விடாது. மேய்ச்சல் நிலம் பூராவும் கூழாகிவிடும். ஒரு வருடம் என் பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டது. தோள்வரை கையை விட்டு இழுத்தேன், வந்தது என் அப்பாவின் பூட்ஸ். அவர் போய் முப்பது வருடம் ஆகிறது. இதைத்தான் எழுத வேண்டாம் என்றேன். ஆனால் குளம்பு அழுகியது உண்மை, இரண்டு குட்டிகளை அப்படி இழந்தது உண்மை. அதனால்தான் வீட்டை ஒட்டி நூறு அடிக்கு அறுபது அடி கான்கிரீட் போட்டு, சுற்றிலும் இரும்புக் குழாய் வேலி அடித்தேன். சேறில்லை, அழுகலில்லை. அக்கம்பக்கத்துக் குதிரைக்காரர்களே வந்து பார்த்துவிட்டு, பெரியவர் முதல் தடவையாக உருப்படியான காரியம் செய்திருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒரு மூலையில் கொட்டகை வைத்தது மகளின் பிடிவாதம். "மேல கூரை, கீழ ஒரு முழத்துக்கு வைக்கோல். இது இல்லேன்னா அந்தத் தளம் குதிரைக்கு ஜெயில்ப்பா" என்றாள். அவள் குதிரை பழக்குகிறவள், பேச்சு அப்படித்தான் இருக்கும். கட்டிக் கொடுத்தேன். போன வருடம் வைக்கோலும் பரப்பினேன். இந்த வருடம் அவள் பயிற்சியாளர் சான்றிதழுக்காகத் தூரத்தில் ஒரு சவாரிப் பள்ளிக்கு இரண்டரை மாதம் போனாள். எனக்குப் பழைய வண்டி ஒன்றையும் சேணங்களையும் நனையாமல் வைக்க இடம் வேண்டியிருந்தது. கொட்டகைக்குள் தள்ளிப் பூட்டினேன். குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நிற்கிறவனுக்கு எதற்கு மெத்தை?

இதுவரை என்னிடம் தப்பு இருந்தால் சொல்லுங்கள். இல்லை அல்லவா.

இனி என் பட்டப்பெயரைச் சொல்லியாக வேண்டும். ஊரில் எனக்கு ரீல் பெரியவர் என்று பெயர். என் குதிரை தும்மியதில் எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த துணியெல்லாம் எங்கள் கொடிக்கு வந்துவிட்டது என்றும், அளவு சரியாக இருந்ததால் திருப்பிக் கொடுக்கவில்லை என்றும் ஒருமுறை சொன்னேன். இந்த மாதிரிச் சின்னச் சின்னத் தகவல்கள்தான். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கும் முடிவெட்டும் கடை எனக்கு அரங்கம். இருபது வருடமாக அங்கே நான் விடாமல் சொல்லிவந்த ஒரு விஷயம் உண்டு. என் குதிரைகள் காலையில் என்னைக் கண்டால் மண்டியிட்டு வணங்கும்.

"தலைய ஆட்டாதீங்க பெரியவரே. நீங்க ரீல் விடுறப்போ தலை தானா ஆடுது, காது போயிடும்" என்பார் கடைக்காரர். கடையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். இருபது வருடம் சிரித்திருக்கிறேன்.

நம்பியது என் மகள் ஒருத்திதான். நிலாவுக்குப் போய் ஒரு குதிரைக்கு லாடம் அடித்துவிட்டு வந்தேன் என்று அவளுடைய ஐந்து வயதில் சொன்னேன். கண்ணை விரித்துக்கொண்டு, "எத்தனை ஆணிப்பா?" என்று கேட்டாள். எப்போதும் அப்படித்தான். முழுசாக நம்புவாள், ஆனால் கூடவே ஒரு கேள்வி கேட்பாள்.

கொட்டகையைப் பூட்டி ஐந்தாவது வாரம். காலையில் வேலி ஓரம் போய் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. சாம்பல் நிறக் குதிரை, பெண், மூன்று வயதை எட்டப் போகிறது, என் எதிரே நின்றது. கீழுதடு தொங்கியது. கண் பாதி மூடியது. தலை மெல்ல மெல்லத் தாழ்ந்தது. பிறகு முன்னங்கால் இரண்டும் மடங்கி, தளத்தில் மண்டி போட்டது. ஒரு நொடிதான், உடனே வெடுக்கென்று எழுந்துகொண்டது.

அதிகாரியம்மா, நீங்கள் யாரும் நம்பாத ஒன்றை இருபது வருடம் சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? சொல்லிவிட்டு, ஒரு நாள் அது கண்ணெதிரே நடந்து பார்த்திருக்கிறீர்களா? நான் தொப்பியைக் கழற்றிப் பதில் வணக்கம் செய்தேன். மரியாதை தெரிந்த குடும்பம் எங்களுடையது.

அந்த வாரத்திலேயே ஆறும் வணங்க ஆரம்பித்தன. கடைக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அரைமணி நேரம் நின்றார். குளிருகிறது என்று முனகினார். அப்போது சாம்பல் குதிரை வணங்கியது, அடுத்து பழுப்புக் குதிரை வணங்கியது. அவர் கையிலிருந்த குடை கீழே விழுந்தது.

"பெரியவரே, இத்தனை வருஷம் உங்களப் போய்..." என்றார். அந்த மாதம் முடி வெட்டியதற்குக் காசு வாங்கவில்லை. ஆட்கள் குடும்பம் குடும்பமாக வந்து வேலியோரம் நின்றார்கள். ரீல் பெரியவர் என்று யாரும் கூப்பிடவில்லை. "ஐயா" என்றார்கள்.

என் மனைவியின் தம்பி மட்டும் அப்படிக் கூப்பிடவில்லை. அவன்தான் எங்கள் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவன். அக்கா போன பிறகும் என்னோடு இருந்தான், வாய் மட்டும் அக்காவிடமிருந்து சொத்தாக வந்தது.

"அத்தான், கும்புடுற குதிரைக்கு முட்டித் தோல் ஏன் உரியுது?"

"பக்தி ஜாஸ்தி."

"குளம்புக்கு மேலயும் புண்ணு இருக்கு."

"அது இன்னும் ஜாஸ்தி."

"உங்க கதைக்கு இதுங்க காலு ரத்தம் சிந்தணுமா? நான் குதிரை டாக்டரம்மாவக் கூப்புடுறேன்."

கூப்பிட்டான். அவர் ஆறையும் பார்த்தார், புண்ணைத் தொட்டார், தளத்தைச் சுற்றி நடந்தார், பூட்டின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார்.

"குதிரை நின்னுக்கிட்டே கண்ணசரும். அது தூக்கம் இல்ல. அசந்து தூங்கணும்னா படுத்தாகணும். ஒரு நாளைக்கு அரைமணி நேரம் போதும், ஆனா காஞ்ச இடம் வேணும். இந்த ஈரத்துல, இந்தக் கல்லுல, அதுங்க படுக்காது. ஆறு வாரமா தூங்கல. தூக்கம் நின்ன இடத்துலயே ஆளத் தள்ளுது. நீங்க பாக்குறது கும்புடு இல்லைங்க. விழறது."

"என்னப் பாத்தா மட்டும் எப்படி விழுது?"

"நீங்க இருக்கறப்போ மட்டும்தானே நீங்க பாக்குறீங்க."

கெட்டிக்காரப் பெண். போகும்போது இன்னொன்றும் சொன்னார். நல்லா தூங்கி ஒரு வாரம் ஆகிறவரைக்கும் இதுங்க மேல யாரையும் ஏத்தாதீங்க. நடக்கிறப்பவே விழும்.

இது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. தெரிந்து செய்தேனா என்ற உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் அதுதான். அதற்கு முன்னால் தெரியாது. செவ்வாயிலிருந்து தெரியும். தேதி வேண்டுமானால் டாக்டரம்மா சீட்டு கொடுத்திருக்கிறார், என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நான் எதையும் கிழித்துப் போடுகிறவன் அல்ல.

மைத்துனன் அன்றே வண்டியை வெளியே இழுத்துப் போட்டு, கொட்டகையில் வைக்கோலைக் கொட்டினான். கதவைத் திறந்ததும் ஆறும் உள்ளே போயின. ஒன்றுகூடத் தின்னவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. வெட்டிப்போட்ட மரம்போல அப்படியே சாய்ந்தன. சாம்பல் குதிரை கழுத்தை நீட்டிப் போட்டுக் குறட்டை விட்டது. தகரக் கூரை அதிர்ந்தது என்று கடையில் சொல்லலாம், உங்களிடம் சொல்ல மாட்டேன். மைத்துனன் வாசலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கு வேலை இருந்தது, வந்துவிட்டேன்.

நாலாவது நாள் கடைக்காரர் தன் சம்பந்தி வீட்டாரை அழைத்துக்கொண்டு வந்தார். அந்தச் சம்பந்தி ஒரு நீண்ட மூக்குக்காரர், கையில் கேமரா. வேலியோரம் ஒரு மணி நேரம் நின்றோம். குதிரைகள் குதித்தன, ஒன்றை ஒன்று துரத்தின, வாலைத் தூக்கிக்கொண்டு ஓடின. சாம்பல் குதிரை என்னிடம் வந்தது, முகர்ந்தது, யாரோ வழிப்போக்கனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுத் திரும்பிச் சாணி போட்டது. சம்பந்தி அதைப் படம் எடுத்தார்.

கடைக்காரர் என் தோளில் கை வைத்தார். "விடுங்க பெரியவரே. பழைய ரீலே போதும், நல்லாத்தான் இருந்துச்சு." அவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துப் பழக்கம்தானே.

அன்று சாயங்காலம் வைக்கோல் முழுவதையும் நானே வாரி வெளியே போட்டேன். எனக்கு முதுகுவலி உண்டு, குனிந்தால் நிமிர முடியாது. ஆனாலும் ஒரு இழைகூட விடவில்லை, விளக்குமாற்றால் கூட்டினேன். புதுப் பூட்டு போட்டேன். செய்வன செவ்வனே செய்கிறவன் என்று என் மனைவி என்னைப்பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை இதற்குப் பொருந்தும்.

மறுநாள் மைத்துனன் பூட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"சாவி."

"கூரை ஒழுகுது. ஆளு வந்து பாக்கணும்."

"கூரைய நான்தானே போட்டேன் அத்தான். எங்க ஒழுகுது, காட்டுங்க."

காட்டவில்லை. அவன் கத்தவில்லை, அதுதான் ஆச்சரியம். துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டு வாசலில் நின்றான். "உங்க குதிரை, உங்க கதை. ஆனா இன்னும் மூணு வாரத்துல, வெள்ளிக்கிழமை, பாப்பா வரா. அந்த ஞாயித்துக்கிழமை நான் வந்து அவகிட்ட எல்லாத்தையும் சொல்லத்தான் போறேன். அவ மொகத்தப் பாத்து நீங்களே பதில் சொல்லிக்குங்க" என்றான். பாப்பா என்பது என் மகள்தான். இருபத்தாறு வயதுப் பாப்பா.

மூன்று வாரத்தில் குதிரைகள் மறுபடியும் வணங்க ஆரம்பித்தன. மகள் வெள்ளிக்கிழமை மாலை வந்தாள், சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டே கொண்டுவந்திருந்தாள். எனக்குத் தெரிந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை அவள் மாமன் அவன் கதையைச் சொல்லுவான். அதற்கு முன்னால் என் கதையை அவள் கண்ணால் பார்த்துவிட வேண்டும். இடையில் இருந்தது சனிக்கிழமை ஒன்றே ஒன்று.

சனிக்கிழமை காலையில் அவளைத் தளத்துக்குக் கூட்டிப்போனேன்.

"கொட்டகை தொறந்துதானே இருக்கு?"

"ராத்திரியெல்லாம் தொறந்துதான் இருந்துச்சு. இப்பத்தான் சுத்தம் பண்ணிப் பூட்டினேன்."

"முட்டியில என்னப்பா காயம்?"

"வெளையாட்டு ஜாஸ்தி. வழுக்கி விழுதுங்க. டாக்டரம்மா மருந்து குடுத்துட்டாங்க."

சாம்பல் குதிரையின் நெற்றியைத் தடவினாள். அது அவள் தோளில் முகத்தைச் சாய்த்து அப்படியே நின்றது. "நான் போறப்போ இது பேய் மாதிரி இருந்துச்சு. இவ்வளவு அடக்கமா எப்படிப்பா ஆச்சு?"

"நான் பழக்கினேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். ரீல் என்று சிரிக்கவில்லை. பெருமையாகச் சிரித்தாள். ஒரு வாரம் தரையில் பழக்கிவிட்டு ஏறுகிறேன் என்றாள். இவ்வளவு சாதுவான குதிரைக்கு எதற்கு ஒரு வாரம், பாலம்வரை ஒரு நடை போய்வா, கடைக்காரரும் பார்க்க வந்திருக்கிறார் என்றேன். சான்றிதழோடு வந்த மறுநாள், அப்பா ஊருக்குமுன் கேட்கிறார். எந்தப் பெண் மறுப்பாள்? நானே சேணத்தை இறுக்கினேன். அவள் ஏற நானே கைகோத்துப் படி கொடுத்தேன்.

பாலத்துக்கு இறங்கும் சாலை கல் பாவியது, மழையில் மினுங்கும். வாசலில் நானும் கடைக்காரரும் நின்றோம். அவள் முதுகு நேராக இருந்தது. சரிவில் பாதி வழியில் சாம்பல் குதிரையின் தலை தாழ்ந்தது. மெல்ல, மெல்ல. எனக்கு அந்த அசைவு நன்றாகத் தெரியும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். அந்த முட்டி மடங்கியபோது என் மனதில் முதலில் வந்தது பயம் இல்லை. பக்கத்தில் நின்றவரிடம், "பாருங்க, ரோட்டுலகூடக் கும்புடுது" என்றேன். சொல்லி முடிக்கும்போது மகள் அடியில் இருந்தாள், குதிரை மேலே இருந்தது.

முதுகெலும்பு இரண்டு இடத்தில். இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் சொன்னபடி வந்தான், ஆஸ்பத்திரிக்கு. கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். "இந்த நெலமையில அவகிட்ட இதச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல அத்தான். நீங்களே சொல்லிடுங்க" என்றான். அதன்பிறகு அவன் இந்தப் பக்கம் வரவில்லை. நான் சொன்னேன். கல்லில் கால் வழுக்கிவிட்டது, குதிரைமேல்தான் தப்பு என்று சொன்னேன். சாம்பல் குதிரையைச் சுடச் சொல்லிவிட்டேன். தப்பு செய்த பிராணியை வைத்திருப்பது சரியில்லை அல்லவா? சுட வந்தவர் துப்பாக்கியை நெற்றியில் வைத்தபோதுகூட அது கண்ணை மூடிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி நின்றது. அவர் சொன்னார், இவ்வளவு அமைதியான குதிரையை நான் பார்த்ததே இல்லை என்று.

இப்போது மீதி ஐந்து. ஆமாம், தளத்தில்தான் நிற்கின்றன. ஆமாம், கொட்டகை பூட்டித்தான் இருக்கிறது. சாவி இதோ, இந்தப் பையில். அதற்கும் காரணம் இருக்கிறது, கேளுங்கள். மகளை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவள் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன். அங்கிருந்து பார்த்தால் தளம் பூராவும் தெரியும். காலையில் தலையணையை உயர்த்திவைத்து, "பாரும்மா, இப்ப அதுங்க உனக்குக் கும்புடும்" என்பேன். கும்பிடும். படுத்த படுக்கையாய்க் கிடக்கிற பெண்ணுக்கு இந்த ஒரு சந்தோஷத்தை நான் எப்படி இல்லாமல் செய்வது? என்னை விடுங்கள், எல்லாம் அவளுக்காகத்தான்.

அவளும் கண் எடுக்காமல் பார்ப்பாள். பகல் பூராவும் பார்ப்பாள். போன வாரம் ஒரு நாள், "அதுங்க எங்கப்பா படுக்குது?" என்று கேட்டாள்.

"நின்னுக்கிட்டே தூங்கும்மா. உனக்குத் தெரியாததா?"

அவள் மறுபடியும் ஜன்னலைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தாளும் பென்சிலும் கேட்டாள். மல்லாந்து படுத்து எழுதினால் பேனாவில் மை இறங்காது, அதனால் பென்சில். கொடுத்தேன். மடித்து ஒட்டியதை வீட்டுக்கு வரும் நர்ஸிடம் தபாலில் போடச் சொன்னாள். சிநேகிதி யாருக்கோ இருக்கும், பாவம், பொழுதுபோக வேண்டாமா.

என்னிடம் அந்தப் புகார்க் கடிதத்தைக் காட்டுகிறீர்களா? நன்றி, கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். ம். பென்சிலில் எழுதியிருக்கிறான். வரியெல்லாம் மேல்நோக்கிச் சாய்ந்து போகிறது. குதிரை பற்றிய விவரமெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை விழுகின்றன என்றுகூட எண்ணி எழுதியிருக்கிறான். மைத்துனன் எழுத்துதான், சந்தேகமே இல்லை. ஒரு பேனா வாங்கக்கூட வக்கில்லாமல் போய்விட்டான், அவ்வளவுதான். கீழே பெயரைப் பார்க்கச் சொல்கிறீர்கள். கண்ணாடி பழசு, சின்ன எழுத்து எனக்குத் தெரியாது.

இல்லை, அந்தப் பக்கம் போக வேண்டாம். எழுந்திருக்காதீர்கள். அவள் தூங்குகிறாள், நான் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்தே தெரிகிறது. ஆமாம், கண் திறந்துதான் இருக்கிறது. கதவுச் சந்து வழியாக நம்மைப் பார்ப்பதுபோலத்தான் இருக்கும். என் மகள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவாள், அதிகாரியம்மா. நான் சொன்னால் நம்புங்கள்.